நாற்பத்தேழாம் எண் குடில் இல்லை என்பது குறித்து

மதிப்பிற்குரிய திருமதி ஃபென்விக் அவர்களுக்கு,

எங்கள் படியேறும்போது உங்களைப் படுத்திய அந்த முழங்கால் இப்போது தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் வில்ஃப்ரெட் பர்ட்டில்ஸின் மகள் ரொவீனா. அப்பாவின் பராமரிப்புக்குக் கவுன்சில் விதித்திருக்கும் கட்டணத்தைத் திரும்பவும் கணக்கிட்டுத் தரும்படிக் கேட்கவே இந்தக் கடிதம்.

மார்ச் மாதம் நீங்கள் வந்த அன்று அப்பா பொய் சொன்னார். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பக்கவாதத்தில் இடது கை ஓய்ந்துபோன எண்பத்தொரு வயது மனிதர், மதிப்பீடு செய்ய ஆள் வருகிறார் என்றதும் விடிந்தவுடன் டை கட்டிவிடச் சொல்லி, நடப்பதற்கான வாக்கரைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வீடு தேடி வந்தவரிடம் உடம்பைப் பற்றிக் குறை சொல்வது, தேநீர் தராமல் அனுப்புவதைவிடக் கேவலம் என்று வளர்ந்தவர். "குளிக்க உதவி வேணுமா சார்?" என்றீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா." "சட்டைப் பொத்தான்?" "ஜோரா போட்டுக்குவேன்." "உடம்பு முடியாததால கூடுதல் செலவு ஏதாவது?" "என்னம்மா செலவு, மகாராஜா மாதிரி இருக்கேன்." தினமும் துவைக்கும் படுக்கை விரிப்புகளும், மே மாதத்திலும் அணையாத ஹீட்டரும் உங்கள் படிவத்தின் செலவுக் கட்டத்தில் ஒரு பூஜ்யமாகிவிட்டன. கடைசியில் "வேற சொத்து ஏதாவது?" என்று கேட்டீர்கள். அன்று முதல்முறையாக உண்மை பேசுகிறவரின் முகம் அவருக்கு வந்தது. "கடற்கரையில ஒரு குடில் இருக்கு, நாப்பத்தேழாம் நம்பர். இன்னிக்குக் காலையிலகூடப் போயிட்டு வந்தேன். நீங்களும் ஒருநாள் வாங்க, டீ போட்டுத் தரேன்" என்றார். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் சமையலறை வாசல் வழியாகப் பார்த்தபடி உங்களுக்காகக் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன், திருத்தவில்லை.

அந்தக் குடிலை இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன் ஒரு புயல் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் அப்பா தினமும் காலையில் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே அங்கே போய்வருகிறார். நீலக் கதவில் பெயிண்ட் உரிவதையும், கெட்டிலில் உப்புப் படிந்திருப்பதையும், அலை எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பதையும் சொல்லுவார். நான் கஞ்சியை ஊட்டிக்கொண்டே கேட்பேன். சில நாள் எனக்கும் ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கடல் மூன்று மைல்.

உங்கள் கடிதம் வந்தது. அப்பாவின் சேமிப்பு மட்டும் என்றால் கவுன்சில் உதவி கிடைக்கும் வரம்புக்குள்தான் இருந்தது. நீங்கள் குடிலுக்குப் போட்ட முப்பதாயிரம் பவுண்டும் சேர்ந்ததும் வரம்பைத் தாண்டிவிட்டது, இனி முழுச் செலவும் அவருடையது. படித்துக் காட்டினேன். "அப்போ அந்த டெண்டாய் பொண்ண நிறுத்திடு. சாக்ஸ் நானே மாட்டிக்குவேன்" என்றார். டெண்டாய் காலை ஏழு மணிக்கு வந்து அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் பெண். அவள் வந்தால்தான் நான் வேலைக்குப் போக முடியும். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பியதும் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து மதியம் நான் ஓடிவந்து பார்க்கும்போது ஒரு காலில் சாக்ஸ், மறு சாக்ஸ் கையில், முகத்தில் சிரிப்போடு தூங்கிக்கொண்டிருந்தார். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்கும் அடுத்த நாள் டெண்டாய் பின்வாசல் வழியாக வந்து, "தாத்தா, உங்க கவுன்சில் சண்டைய நீங்க போடுங்க. எனக்குச் சாக்ஸ்தான் முக்கியம். கால நீட்டுங்க" என்றாள். நீட்டிவிட்டார்.

இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சனிக்கிழமை கடற்கரைக்குப் போய் நாற்பத்தாறாம் குடிலையும் நாற்பத்தெட்டாம் குடிலையும் நடுவில் இருக்கும் வெறும் மணலையும் போட்டோ எடுத்தேன். வெறுமையைப் போட்டோ எடுப்பது சிரமம். நாய்கள் வந்து நின்றுவிடுகின்றன. சாட்சிக் கையெழுத்துக்காக நாற்பத்தெட்டாம் எண் திருமதி ஆலிவ் டிரான்ட்டரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் மடக்கு நாற்காலியிலிருந்து நிமிரவே இல்லை. "நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன் கண்ணு. வெளிச்சத்த மறைக்காம நகரு" என்றார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த இடைவெளி வழியாகக் கடல் ஒரு கதவளவுக்குத் தெரிந்தது.

ஆகவே, ஒரு மனிதர் கனவில் வைத்திருக்கும் சொத்துக்குக் கட்டணம் விதிப்பது நியாயமாகாது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். போட்டோக்கள் நான்கு இணைத்துள்ளேன். ஒன்றில் நாய் இருக்கிறது, மன்னிக்கவும். உங்கள் முழங்காலுக்கும் உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் எங்கள் நல்வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
ரொவீனா பர்ட்டில்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் திருமதி டிரான்ட்டர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே இருபத்தெட்டு ரசீதுகள். நாற்பத்தேழாம் மனைக்கு வருஷா வருஷம் கவுன்சிலுக்குக் கட்டவேண்டிய உரிமத் தொகையை, அப்பா பெயரிலேயே, இவர் கட்டிவந்திருக்கிறார். "உங்கப்பா மேல பாசம்னு நெனச்சுக்காத. வேற எவனாவது வந்து ரேடியோவ அலறவிட்டா யாரு கேக்கறது? அதான்" என்றார். ஆகவே மேலே எழுதியதில் போட்டோக்களைத் தவிர எதுவும் சரியில்லை. குடில் இல்லை, ஆனால் அது நின்ற மணல் அப்பாவுடையது. உறையைப் பிரித்து ரசீதுகளையும் சேர்த்து அனுப்புகிறேன். மறைத்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. மனையை விற்க நேரிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "வித்துடு, அந்தப் பொண்ணு வரட்டும்" என்றார் உடனே. கொஞ்சம் கழித்து, "அப்போ காலையில நான் எங்க போறது?" என்று கேட்டார். இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எதற்கும், முடிவு செய்யும் முன் ஒருநாள் அங்கே வந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை டெண்டாயும் நானும் அவரை டாக்சியில் அழைத்துப்போகிறோம். டீ அவர் பொறுப்பு. கதவு இல்லை, தட்டாமலே வரலாம்.