வெட்டி வேலை

கணவன் ஏமாந்த கதையைக் கணவனே சொல்லிவிடுவது வழக்கம். அதில் விடுபட்டுப்போகிறவள் மனைவி. கூர்மையான நாக்கு அவளுக்கு உண்டு, கதை அச்சாகும் பக்கத்தில் பாதி இடமும் உண்டு. ஆனால் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று எந்தக் கணவனும் எழுதியதில்லை. நான் எழுதுகிறேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கைகளைப் பார்க்காமல் விட்டதால்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வருகிற கடிதங்களின் மேல் மூலையில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்துவது என் பணி. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குத்துகிறேன். என் வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் பெரிது என்பது சட்டைக்கு அளவெடுக்கும் தையல்காரரின் கணிப்பு.

என் மனைவியும் முத்திரை வைக்கிறவள்தான். எழுத்தை அழிக்கும் ரப்பர் கட்டியைச் சிறு கத்தியால் செதுக்கி இலை, பூ, பறவை, சைக்கிள் என்று அச்சு செய்வாள். அதை வண்ண மையில் ஒற்றித் தடித்த தாளில் பதிப்பாள். அந்தத் தாள் வாழ்த்து அட்டையாகும். சில நாள் புத்தகக் குறி, சில நாள் பூப்போட்ட மரப்பெட்டி. இவையெல்லாம் உற்றார் உறவினருக்குச் சும்மா கொடுப்பதற்கு என்றே நான் எண்ணியிருந்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் முக்கால் பங்கு அவளுடைய மைப்பெட்டிகளுக்கு. மீதிக் கால் பங்கில் நான் சாப்பிடுவேன்.

ஒரு நாள் மேசையில் காயாமல் கிடந்த பச்சை இலையொன்று என் வெள்ளைச் சட்டையின் முழங்கையில் ஏறிக்கொண்டு அலுவலகம் வரை வந்துவிட்டது. தட்டச்சு செய்கிற அம்மாள்தான் முதலில் பார்த்தார்.

“என்ன சார், உங்களுக்கும் துளிர் விட்டுப்போச்சா?”

அன்று மாலையே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். வீடு என்றால் ஒரு நிர்வாகம் வேண்டும். நிர்வாகம் என்றால் சுற்றறிக்கை வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்: ‘சாப்பாட்டு மேசையில் வெட்டி வேலைகள் மேற்கொள்வது இன்று முதல் நிறுத்தப்படுகிறது.’

மறுநாள் காலையில் அதன் மேல் மூலையில் ஊதா நிறத்தில் ‘பெறப்பட்டது’ என்று இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முத்து. அலுவலக முத்திரையே தோற்றது.

“என்ன இது?”

“பாத்தா தெரியலையா? கடுதாசி வந்துச்சு. வாங்கிக்கிட்டேன்.”

“நடவடிக்கை?”

“பெறப்பட்டதுன்னு போட்டா நடவடிக்கை எடுக்கணுமா? உங்க ஆபீஸ்ல எடுக்கறீங்களா?”

நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் புறப்பட்டேன்.

“ஏங்க, வெட்டி வேலைன்னு எழுதியிருக்கீங்களே.”

“ஆமா. அதுல என்ன சந்தேகம்?”

“சந்தேகமே இல்லை. வார்த்தை நல்லாருக்கு. எடுத்து வச்சுக்கறேன்.”

சுற்றறிக்கையைக் கிழியாமல் உரித்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். மேசை அப்படியே இருந்தது.

அடுத்த வாரமே அந்த மேசையின் முன்னால் நான் போய் நிற்க நேர்ந்தது. எங்கள் கோப்பறையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஓய்வு பெறுகிறார். எங்கள் பிரிவின் சார்பில் ஏதாவது கொடுக்க வேண்டும்.

“ஒரு அட்டை வேணும்.”

“மேசையில வேலை நிறுத்தமாச்சே?”

“இது அலுவலகப் பணி.”

“ஓ, ஆபீசுக்குன்னா வெட்டி இல்லையா? சரி, அவருக்கு என்ன பிடிக்கும்?”

“கோப்பு.”

“கோப்பு யாருக்காவது பிடிக்குமா? இருபத்திரண்டு வருஷம் பக்கத்து அறையில இருந்திருக்கார். வேற ஒண்ணுமே தெரியாதா?”

வெகு நேரம் யோசித்தேன். “ஜன்னல்ல புறாவுக்குத் தானியம் போடுவார்.”

“அதைச் சொல்லுங்க முதல்ல.”

மறுநாள் மாலை அட்டை தயாராக இருந்தது. அலமாரி நிறையக் கோப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே உரிமையோடு உட்கார்ந்திருந்தது ஒரு புறா. அட்டையின் பின்பக்கம் கீழே, விரல் நகமளவு முத்திரை: ‘என் கைவேலை.’ இதை அவள் எல்லா அட்டையிலும் வைப்பாள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

வழியனுப்பு விழாவில் கோப்பறைப் பெரியவர் புறாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட்டை கை மாறிக் கை மாறி மேலாளர் அம்மையாரிடம் போனது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. அவர் ஒன்று சொன்னால் அதற்குப் பிறகு வாக்கியம் கிடையாது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“என் கைவேலைன்னு போட்டிருக்கே. இந்த ‘என்’ யாரு?”

அறையே என்னைப் பார்த்தது. அட்டையைக் கொண்டுவந்தவன் நான். மனைவி என்று மூன்றெழுத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னை மரியாதையாகப் பார்த்தது அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

“என்... என்னுதுதான் மேடம்.”

அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“அப்படியா? ரொம்ப சந்தோஷம். அடுத்த மாசம் ஆண்டு விழா வருது. மேடையில செஞ்சு காட்டுங்க.”

முற்றுப்புள்ளி.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையில் செய்து காட்டாவிட்டால் நான் பொய்யன். ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவன் நெற்றியில் அலுவலகமே ஒரு முத்திரை குத்தும். அது கழுவினால் போகாது. மனைவியிடம் உண்மையைச் சொல்வது ஒரு வழி. அந்த வழியை உடனே தள்ளிவிட்டேன். மிஞ்சியது தந்திரம். கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லாமலே அவளிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொண்டுவிடுவது.

“உனக்கு ஒத்தாசை பண்ணலாம்னு பாக்கறேன்.”

செதுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

“உடம்பு சரியில்லையா?”

“ஏன், எனக்கு ஒரு ஆசை வரக்கூடாதா?”

“வரலாங்க. வந்து உட்காருங்க. எல்லா மையும் இங்க இருக்கு. பொறுமை மட்டும் நீங்க கொண்டு வரணும்.”

ஓர் இலை அச்சைக் கொடுத்தாள். மையில் ஒற்றினேன். கையை ஓங்கினேன். தொம்! தண்ணீர்ச் செம்பு குதித்தது. இலை கூழாகியிருந்தது.

“குத்தாதீங்க. வைங்க.”

“இருபத்திரண்டு வருஷமா குத்தறவன் நான்.”

“அதான் தெரியுமே. எங்க வீட்டாளுங்க ஒருத்தரை விட்டீங்களா? எங்கப்பா கஞ்சன், எங்கண்ணன் சோம்பேறி, நான் வாயாடி. அவங்கல்லாம் மனுஷங்க, தாங்கிப்பாங்க. இது காகிதம்.”

“சரி, மறுபடியும் குடு.”

“முதல்ல அடிப்படை. வெட்டக் கத்துக்கோங்க.”

இரும்பு அளவுகோலையும் கத்தியையும் தடித்த தாள் கட்டு ஒன்றையும் என் முன் வைத்தாள். கோடு பார்த்து வெட்ட வேண்டும். மடிக்குமிடத்தில் மழுங்கிய ஊசியால் முதலில் கீற வேண்டும். பிறகு மடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

“ஒரு நூல் சாய்ஞ்சிருக்கு.”

“ஒரு நூல்தானே!”

“உங்க கடிதத்துல ஒரு கால் வாங்காம விட்டா ஒத்துப்பீங்களா?”

மறுபடி வெட்டினேன். மாலைதோறும் வெட்டினேன். பத்து நாளில் இருநூற்று நாற்பது அட்டை. ஒரு பயிற்சிக்கு இத்தனை எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. தொழில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். கள்ளத்தனமாகக் கற்பவன் கேள்வி கேட்கக் கூடாது.

வெட்டிக்கொண்டே அவள் கைகளைப் பார்த்தேன். வெளிர் நிறத்தை முதலில் பதித்தாள். அது காய்ந்த பிறகே கரு நிறம். பூவின் பின்னால் இலை தெரிய வேண்டுமானால், பூவை அதே வடிவத்தில் வெட்டிய துண்டுத் தாளால் மூடிக்கொண்டு இலையைப் பதித்தாள். தாளை எடுத்தால் இலை பின்னால் ஒதுங்கி நிற்கும். அச்சை அழுத்தும்போது மூச்சை நிறுத்திக்கொண்டாள். அவள் கட்டைவிரல் நகத்தில் ஊதாக் கறை ஒன்று உண்டு. என்றோ கதவிடுக்கில் நசுங்கியது என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அது மை. ஒரு முறைகூட நான் கேட்டதில்லை.

“ஸ்டாம்பு எப்ப வைக்கறது?”

“வெட்டு சுத்தமா வரட்டும்.”

நாள் நெருங்கியது. மேடையில் அட்டையின் பின்னால் வைக்க எனக்கென்று ஒரு முத்திரை இருந்தால் கம்பீரமாக இருக்குமே என்று தோன்றியது. கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஒரு ரப்பர் கட்டியில் ‘என் கைவேலை’ என்று எழுதிச் செதுக்கத் தொடங்கினேன். துணி உலர்த்த வந்தவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“நேராத்தான் எழுதியிருக்கீங்களா?”

“பின்னே, கோணலா எழுதவா? நான் எப்பவும் நேராத்தான்.”

“சரிங்க. நேராவே இருக்கட்டும்.”

கொடியில் துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு என் அலுவலக மேசையில் அழைப்பிதழ் வந்து கிடந்தது. முன்பக்கத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒன்றின் மேல் புறா. மடிப்பு கத்திபோல் நேராக இருந்தது. யார் மடித்ததோ, கை தேர்ந்தவர் என்று வியந்தபடி திறந்தேன். உள் விளிம்பில் அலுவலக மையின் நீலத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. என் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அட்டையைத் திருப்பினேன். ‘என் கைவேலை.’

உள்ளே நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாக ‘ரப்பர் முத்திரையில் வாழ்த்து அட்டை செய்து காட்டல்’ என்றிருந்தது. செய்து காட்டுபவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர், முழுப் பெயர், தடித்த எழுத்தில். அதன் கீழே சிறிய எழுத்தில்: ‘உதவி: அவர் கணவர்.’

அலுவலகத்திலும் வெளியிலுமாக இருநூற்று நாற்பது பேருக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் நானே வெட்டியது.

வீட்டுக்கு வந்தேன். அவள் அச்சுகளை ஈரத்துணியால் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். மேடம் சாயந்திரமே ஃபோன் பண்ணிட்டாங்க.”

“அவங்களை உனக்கு எப்படித் தெரியும்?”

“மூணு வருஷமா என் அட்டையைத்தானே வாங்கறாங்க. பஸ் நிறுத்தத்துக்கிட்ட எழுதுபொருள் கடையில விக்கறேனே, அங்கதான் பழக்கம். நான் யார் வீட்டுக்காரின்னும் அவங்களுக்குத் தெரியும். மேடம் மேசையில பேனா வைக்கிற பெட்டி இருக்கா? பறவை போட்டது?”

இருந்தது. கையெழுத்துக்குப் போகும்போதெல்லாம் அதன் எதிரில்தான் நிற்பேன்.

“அதைத் திருப்பிப் பாருங்க.”

திருப்ப வேண்டியதில்லை.

“மேடம் என்ன சொன்னாங்க?”

“‘உங்க வீட்டுக்காரர் எல்லாம் தன் கைவேலைங்கறார். அவருக்குக் கை இருக்கா?’ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். அழைப்பிதழ் வேலையை என்கிட்டயே குடுத்தாங்க. இருநூத்து நாப்பது வெட்டணும். எனக்கும் ரெண்டு கைதானே இருக்கு?”

“நீ என்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“கேட்டா செஞ்சிருப்பீங்களா?”

நான் இன்னொரு ஈரத்துணியை எடுத்து மிச்சமிருந்த அச்சுகளைத் துடைக்கத் தொடங்கினேன்.

ஆண்டு விழா மேடையில் அவள் பேசியது குறைவு. வெளிர் சாம்பலை வைத்தாள், காத்திருந்தாள், கரு நீலத்தை வைத்தாள். வெறும் தாளில் புறா எழுந்து உட்கார்ந்தபோது பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் தாளை எடுத்துக் கொடுத்தேன், துணியைப் பிழிந்து கொடுத்தேன். இவ்வளவோடு தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது முன்வரிசையிலிருந்து மேலாளர் அம்மையாரின் குரல் வந்தது.

“உதவியாளரும் ஒண்ணு வச்சுக் காட்டட்டுமே.”

சட்டைப்பையிலிருந்து என் முத்திரையை எடுத்தேன். மையில் ஒற்றினேன். குத்தவில்லை, வைத்தேன். மூச்சை நிறுத்தி, அழுத்தி, எடுத்தேன்.

எழுத்துகள் எல்லாம் என்னைப் பார்த்துத் திரும்பி நின்றன. வலமிருந்து இடமாக, கொம்பு கால் மாறி, எந்த மொழியிலும் சேராத ஒரு வாசகம். அச்சில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். இருபத்திரண்டு ஆண்டுகளாக முத்திரை பிடித்தவன் முத்திரையின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் மனைவி அந்தத் தாளை எடுத்தாள். பின்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, மேடை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். தாளின் வழியே ‘என் கைவேலை’ என்று தெளிவாகத் தெரிந்தது.

“அந்தப் பக்கம்தான் தப்பு. பின்னாலேர்ந்து பாத்தா சரியா இருக்கு. அவர் எப்பவும் நேராத்தான்.”

கூடம் சிரித்து அடங்க வெகு நேரமாயிற்று. அதிகமாகச் சிரித்தவர் கோப்பறைப் பெரியவர். ஓய்வு பெற்ற பிறகும் இதற்கென்றே வந்திருந்தார்.

பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்தாள். அதில் மூன்று மேசைகள், வடக்குப் பார்த்த பெரிய சன்னல். வாரத்தில் நான்கு நாள் சொல்லிக்கொடுக்கிறாள். பதினொரு பேர் கற்றுக்கொள்கிறார்கள், அவர்களில் எங்கள் தட்டச்சு அம்மாளும் ஒருவர். மேலாளர் அம்மையார் மாதந்தோறும் வருகிறார். நகத்தின் ஊதாக் கறை அப்படியே இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசை இப்போது முழுவதும் என்னுடையது. அதில் உட்கார எனக்குத்தான் நேரமில்லை. அலுவலகம் முடிந்ததும் அவள் அறைக்குப் போய்விடுகிறேன். என் சுற்றறிக்கை அங்கே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

அவள் அட்டைகளின் பின்னால் இப்போது இரண்டு முத்திரைகள் இருக்கும். மேலே ‘என் கைவேலை’. அதன் கீழே, எனக்காக அவளே எழுத்தை ஒழுங்காகத் திருப்பிச் செதுக்கிக் கொடுத்த ஒன்று: ‘வெட்டி வேலை: கணவர்.’