நூலிழையில் தோற்றவர்

தோற்றவர்கள் உலகெங்கும் உண்டு. ஆனால் 'நூலிழையில் தோற்றவர்' என்பது தனி ஜாதி, ஐயா! அதில் அசல் பிறவியைப் பார்க்க நீங்கள் அமெரிக்காவின் ஒஹையோவில் எங்கள் ஊர் எமிலின் முடிவெட்டும் கடைக்கு ஒரு சனிக்கிழமை வந்திருக்க வேண்டும். நூறு கஜ ஓட்டக்காரர் க்ளெட்டஸ் ப்ராடி அங்கேதான் பிரமாதமாக ஓடுவார். வாயால்.

தொழில் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. கரித்தூள் தடத்தில் கால் ஊன்ற மற்றவர்கள் சின்னதாக இரண்டு குழி பறித்தால், இவர் கொத்துக்கரண்டியோடு உட்கார்ந்து கிணறே வெட்டுவார். துப்பாக்கி வெடிக்கும். தோற்பார். அதற்குப் பிறகுதான் அவருடைய அசல் ஆட்டம். கொலம்பஸில் எதிர்காற்று, டொலிடோவில் தடம் ஈரம், க்ளீவ்லாண்டில் கடிகாரம் பிடித்தவருக்குக் கட்டைவிரல் வீக்கம், இன்னொரு ஊரில் துப்பாக்கிக்காரர் இடதுகைக்காரர். இடதுகையால் சுட்டால் சத்தம் தாமதமாகவா வரும்? கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் விளக்குவார். பாதி சவரத்தோடு கடையே வாய்பிளந்து கேட்கும்.

மனைவி மின்னாவுக்குத்தான் காது புளித்துப்போயிற்று.

"இந்த ஜூலை நாலு, சுதந்திர தினப் பந்தயந்தான் கடைசி. தோத்தீங்கன்னா பேசாம எங்கப்பா ஐஸ் கடையில போய் உக்காந்துடணும்."

"காத்து மட்டும் அன்னிக்கு..."

"காத்துப் பேச்சே எடுக்காதீங்க!"

ஜூலை நாலும் வந்தது. பாண்டு வாத்தியம் முழங்க, ஊரே மைதானத்தில். பக்கத்து ஊர் லாயிட் வேகக்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. துப்பாக்கிக்கு முன்னாலேயே இரண்டு தடவை பாய்ந்தான். தண்டனையாகத் தடவைக்கு ஒரு கஜம் பின்னே தள்ளி நிறுத்திவிட்டார்கள். விளைவு, எல்லைக் கோட்டு நூல் க்ளெட்டஸின் நெஞ்சில் பட்டு அறுந்தது. அது கம்பளி நூல் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

மின்னா கட்டிக்கொண்டு அழுதாள். ஐஸ் கடைக் கண்டம் நீங்கியது.

சனிக்கிழமை புதுத் தொப்பி போட்டுக்கொண்டு எமில் கடைக்குப் போனார். நடு நாற்காலியில் லாயிட். சுற்றிலும் கூட்டம்.

"நான் எங்கண்ணே பாஞ்சேன்? பாண்டுக்காரன் மேளத்துல தட்டினான், துப்பாக்கின்னு நெனச்சுட்டேன்!"

"அடப்பாவமே! அப்புறம்?" என்றார் எமில்.

வாசலில் நின்றவரைப் பார்த்து, "வாங்க க்ளெட்டஸ், ஜெயிச்சீங்களாமே, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி லாயிட் பக்கமே திரும்பிவிட்டார். எப்படி ஜெயித்தீர்கள் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. க்ளெட்டஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்கும் அன்னிக்கு முட்டியில சரியான வலி..."

"அதான் ஜெயிச்சாச்சுல்ல? கொஞ்சம் கம்முனு இருங்க!" என்றார் எமில்.

அடுத்த ஜூலையில் க்ளெட்டஸ் தோற்றார். மின்னா வாய் திறக்குமுன் அவரே மாமனாரிடம் சாவியை வாங்கிப் போய் ஐஸ் கடையைத் திறந்தார். வெயிலுக்கு ஊரே வந்து நிற்கிற இடம். அவர் கட்டியை உடைத்துக் கொடுத்தால்தானே யாரும் நகர முடியும்? எதிர்காற்றில் ஆரம்பித்தார். இடதுகைத் துப்பாக்கி வருவதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மின்னாவும் முழுக்கக் கேட்க வேண்டியதாயிற்று.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்தப் பரீட்சையன்று உங்களுக்கு மட்டும் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால், இன்றைக்கு நீங்கள் கலெக்டர், இல்லையா?