பங்காக் கயிறும் நானும்

வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போய்விட்டான் என்பதை லிஸ்ட் அண்ணன் கடைசிவரை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "சாமானெல்லாம் ஒப்படைச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனானா?" என்றுதான் கேட்பார்.

எங்கள் ஊர் சர்க்கார் வக்கீல் ஆபீஸில் அவர் பியூன், நான் டைப்பிஸ்ட். கோர்ட்டில் அரசாங்கத்தின் பக்கம் நின்று கேஸ் நடத்துகிறவருடைய ஆபீஸ் அது. ஆட்சி மாறினால் வக்கீல் மாறுவார். வருகிறவர் ஆபீஸ் சாமான்களின் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் சரிபார்த்ததில்லை, கையெழுத்து மட்டும் போட்டார்கள். அந்தப் பட்டியலைக் கக்கத்திலேயே வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

ஆபீஸின் சரித்திரம் முழுக்க அதில் இருந்தது. முதல் வரி: 'பங்காக் கயிறு, ஒன்று.' அந்தக் காலத்தில் கூரையில் தொங்கிய துணி விசிறியை ஆள் வைத்து இழுத்த கயிறு. விசிறி போயிற்று, இழுத்த ஆளும் போய்ச் சேர்ந்தார், கயிறு மட்டும் பீரோவில் சுருண்டு கிடந்தது.

"தூக்கிப் போட்டா என்னண்ணே?"

"போடலாம். லிஸ்ட்ல ஒண்ணு கொறையுமே டைப்பிஸ்ட்டம்மா. அதுக்குப் பதிலா நீங்க வந்து பீரோவுல சுருண்டு கெடப்பீங்களா?"

இன்னொரு வரி: 'நெற்கதிர்க் கட்டு, ஒன்று. எலி தின்றது.' எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டு ஜெயிலுக்குப் போன காலத்தில், ஏதோ அறுவடைத் தகராறில் போலீஸ் தடயமாகக் கொண்டுவந்த கட்டு. கேஸ் முடிவதற்குள் எலி முடித்துவிட்டது. மிஞ்சிய வைக்கோலை மூன்று வக்கீல்கள் முறைப்படி பொறுப்பேற்றிருந்தார்கள்.

'தலைவர் படம், ஒன்று, இருபுறமும்' என்றும் ஒரு வரி உண்டு. ஒரே சட்டத்துக்குள் இரண்டு கட்சித் தலைவர்கள் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தார்கள். ஓட்டு எண்ணுகிற நாளில் தாலுகா ஆபீஸ்காரர்கள்கூட எங்கள் ஜன்னலை எட்டிப் பார்த்துத்தான் நிலவரம் தெரிந்துகொள்வார்கள். ஒரு தேர்தலில் மத்தியானத்துக்குள் லிஸ்ட் அண்ணன் படத்தை மூன்று தரம் திருப்பிவிட்டார்.

"முடிவு வர்றதுக்குள்ள என்னண்ணே அவசரம்?"

"ஆணி பழக வேணாமா?"

நான் கீழ்வேளூர்ப் பக்கம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்பிங்கிலும் ஹையர் பாஸ். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் வேலை தற்காலிகம். வக்கீல் மாறினால் டைப்பிஸ்ட்டும் மாறலாம். அப்பாவுக்கு இடுப்பு போய் வயலில் இறங்க முடியவில்லை. வீட்டில் எரிந்த அடுப்பும் தம்பி போன பள்ளிக்கூடமும் என் பத்து விரலில்தான் ஓடின.

அந்த வருஷம் ஆட்சி மாறியது. படம் திரும்பியது, திரும்பியபடியே நின்றது. கழுத்து கொள்ளாத மாலையோடு புது வக்கீல் வந்தார். பின்னாலேயே அவருடைய மைத்துனர் மகள், கையில் டிபன் கேரியரோடு. நான் என் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தேன்.

வாசலில் இன்னும் மாலைகள் காத்திருந்தன. லிஸ்ட் அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்ட, வக்கீல் வாசலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு என்னைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு நாளையிலேர்ந்து வர வேணாம்."

"அனுப்ப முடியாதுங்கய்யா. லிஸ்ட்ல இருக்கு."

"என்னய்யா இருக்கு?"

லிஸ்ட் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "முப்பத்தொண்ணு, டைப்ரைட்டர், ஒன்று. முப்பத்திரண்டு, மேற்படியை அடிக்கும் ஆள், ஒன்று, நிலை நன்று. முப்பத்திமூணு, மண்பானை, ஒன்று, ஒழுகல்."

"ஆளை எவன்யா லிஸ்ட்ல எழுதுவான்?"

"எழுதுனது நானுங்க. சரின்னு ஏத்துக்கிட்டது நீங்க."

"யோவ், படிக்காமப் போட்டுட்டேன்யா!"

'படிக்காமலா கையெழுத்துப் போட்டீர்?' என்று கூண்டில் நின்றவர்களை மிரட்டியே பெயர் வாங்கியவர் அவர். வாசலில் நின்ற ஜூனியர் வக்கீல்கள் ஒருவர் விடாமல் கூரையைப் பார்த்தார்கள். வக்கீல் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து மாலை குலுங்கியது.

"இருந்து தொலையட்டும்."

என்னைவிடப் பெரிய பெருமூச்சு மைத்துனர் மகளிடமிருந்து வந்தது. அவளுக்கு டைப் அடிக்கவே தெரியாதாம்.

எனக்கோ ரோஷம். வக்கீல் வாசலுக்குப் போனதும் லிஸ்ட் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "நான் என்ன சாமானா? கொண்டுபோய்ப் பானைக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க!"

"பானைக்கு ஒழுகல்னு போட்டிருக்கேன். உங்களுக்கு நன்றுன்னு போட்டிருக்கேன். இத்தனை வக்கீல் வந்துட்டுப் போனாங்க, ஒருத்தருக்காவது நன்றுன்னு எழுதியிருப்பேனா?"

இருந்தும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் பரீட்சை எழுதி நிரந்தரமானேன். அது என் சொந்தச் சாமர்த்தியம்; எந்தப் பட்டியலுக்கும் அதில் பங்கு இல்லை.

லிஸ்ட் அண்ணன் ஓய்வு பெற்றதும் பட்டியலைப் புதிதாக அடிக்கும் வேலை எனக்கு வந்தது. பங்காக் கயிற்றை எடுக்கவில்லை. எலி தின்ற கட்டையும் எடுக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த முக்காலியின் வரி வந்தது. 'உபயோகத்தில் இல்லை' என்று அடிக்க வேண்டும். 'உரியவர் வெளியே போயிருக்கிறார்' என்று அடித்தேன்.

அடுத்து வந்த வக்கீலும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார்.