கையெழுத்து விருந்து

திங்கட்கிழமைக்குள் நூறு கையெழுத்தை நகராண்மைக் கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கமலநாதனிடம் இருந்தது பதினொன்று. அதில் இரண்டு அவருடையதே.

மலேசியாவின் கோத்தா திங்கியில் அவர் குடியிருக்கும் தாமானை, அதாவது வீடமைப்புப் பகுதியை, ஒட்டிய பள்ளத் திடலில் பெரிய பேரங்காடி ஒன்று வரப்போகிறதாம். வந்தால் அவருடைய மளிகைக்கடைக்கு மூடுவிழாதான். அதுகூடப் பரவாயில்லை. மழைக்காலத்தில் ஆறு பொங்கினால் தண்ணீர் போய் நிற்பது அந்தத் திடலில்தான். மண்ணைக் கொட்டி அதை மேடாக்கிவிட்டால் வெள்ளம் நேராக வீடுகளுக்குள் வரும். அதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"சும்மா கூப்பிட்டா யாரு வருவா? வாழை இலைச் சாப்பாடு போடுங்க," என்றாள் மனைவி கஸ்தூரி.

சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி போனது. 'நாளை திடலில் மதிய விருந்து. பேரங்காடி எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட வாரீர்.' கிடைத்தவர்கள் முதல் வரியை மட்டும் வெட்டி உறவினர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தம்போயிலிருந்தும் லாபிஸிலிருந்தும்கூடக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

முதல் பந்தியில் கமலநாதன் மனுவை நீட்டினார்.

"கை பூரா கொழம்பு லா, கழுவிட்டு வந்து போடுறேன்," என்றார் ஒருவர். கழுவப் போனவர் அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார்.

மேசையைக் குழாயடிக்கு நகர்த்தினார். மனு நனைந்து போனது. சரி, முதலில் கையெழுத்து, பிறகுதான் இலை என்றார். வரிசை நீண்டது. கார்கள் பெரிய சாலைவரை அடைத்துக்கொண்டு நின்றன.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம் சிவந்த முகத்தோடு வந்தார். "காலையிலேர்ந்து என் காரை வெளிய எடுக்க முடியல. பேரங்காடி வந்தா இப்படித்தான் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதேதான் ஐயா. இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

போட்டார். போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

இரண்டு மணிக்கு ஆட்டுக்கறி தீர்ந்தது. கமலநாதன் அவசரமாகக் கோழிக்கு ஆள் அனுப்பினார். கோழி வறுபடும் வாசனைக்கு இன்னும் ஐம்பது பேர் வந்து சேர்ந்தார்கள்.

மாலையில், வெளியூர்க்காரர்களைக் கழித்துவிட்டுக் கஸ்தூரி எண்ணினாள். நூற்று மூன்று. கமலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம் நிம்மதியாக மழையைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது தொப்பி போட்ட ஒரு பெண் அருகில் வந்தாள். கையில் ஆட்களை எண்ணும் சின்னக் கருவி இருந்தது.

"அங்கிள், நான் பிரேமளா. அந்தப் பேரங்காடி கம்பெனில வேலை செய்யிறேன்."

கமலநாதன் ஒரு கணம் திகைத்தார். ஆனாலும் பந்திக்கு வந்தவளாயிற்றே. "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"சாப்பிட்டேன் அங்கிள், நல்லா இருந்துச்சு," என்று சொல்லிக் கருவியைத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் பக்கம் கூட்டமே வராது, இடத்தை விட்டுடலாம்னுதான் நேத்துவரைக்கும் எங்க பாஸ் சொல்லிட்டிருந்தாரு, இன்னிக்கி ஒரே நாள்ல எழுநூத்தி அறுபது பேரு."