பதினோராம் பாகத்தின் கடைசி அத்தியாயம்

ஒரு காட்டில், ஓடைக்கு மேற்கே நின்ற மருதமரப் பொந்தில் ‘ஏழாம் நிலா’ என்று ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. கஜபதி என்ற யானை நடத்திவந்த பெரிய பதிப்பகத்தின் சின்னக் கிளை அது. பெரிய பதிப்பகம் மேய்ச்சல் வழிகாட்டிகளும் தேர்வுக் கையேடுகளும் போட்டது. ஏழாம் நிலாவில் அறிவியல் புனைகதைகளும் மாயாஜாலக் கதைகளும் மட்டுமே வரும். அதன் பதிப்பாசிரியர், விற்பனை மேலாளர், பார்சல் கட்டுபவர் எல்லாமே தயாளன் என்ற ஒரே தேவாங்குதான்.

மூன்று வருஷமாக எதுவும் விற்கவில்லை. வேற்றுக்கிரகத்தைப் பற்றி ஆந்தை எழுதிய நாவலை வாங்கியவர்கள்கூட, பக்கத்து மலையில் என்ன இருக்கிறதென்றே தெரியாதபோது இது எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மரிக்கொழுந்து ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். அவள் ஒரு சருகுமான். முயல் உயரம்தான் இருப்பாள், இலை விழுந்தாலும் ஓடிவிடுவாள். ஆனால் அவள் எழுதியிருந்தது ‘புல் தின்னும் புலிகள்’. வால்நட்சத்திரம் ஒன்று விழுந்த பிறகு புலிகளெல்லாம் புல் மேயத் தொடங்கும் ஒரு தேசத்தின் கதை. புலி இளவரசன் மலையுச்சியிலிருந்து தவறி விழுவதோடு முதல் பாகம் முடிந்தது.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. மான்கள் மந்தை மந்தையாக வந்து வாங்கின. ஆற்று மணலில் நடந்த புத்தகக் கண்காட்சியில் கையெழுத்து வாங்க டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. பதினான்காம் டோக்கனோடு துரைப்பாண்டி என்ற புலி வரிசையில் நின்றார். முன்னால் நின்ற பதின்மூன்று பேருக்கும் அவசர வேலை நினைவுக்கு வந்ததால் அவர் முறை சீக்கிரமே வந்தது. கண்காட்சித் திடலுக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதை நம்பித்தான் மரிக்கொழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இளவரசன் உயிரோடு இருக்கிறானா என்று அவர் கேட்டார். அது இரண்டாம் பாகத்தில் வரும் என்றாள். அவர் கையெழுத்தை வாங்கி, மை காயும்வரை ஊதினார்.

“ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிடறேன்மா. உங்க எழுத்து எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சருகுமானும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதை முடியற வரைக்கும் உங்களை யாரும் தொட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

மூன்று பாகத்தில் முடிய வேண்டிய கதை அன்றிலிருந்து நீளத் தொடங்கியது. இரண்டாம் பாகம் முழுக்க இளவரசன் விழுந்துகொண்டே இருந்தான். மூன்றாம் பாகத்தில் அவனுடைய தாத்தாவின் இளமைக்காலம் வந்தது. நான்காம் பாகம் புல் வகைகளைப் பற்றியது. ஆறாம் பாகத்தோடு வரைபடம், வம்ச விவரம், புலிகளின் பழைய மொழிக்கு ஓர் அகராதி எல்லாம் இலவச இணைப்பாக வந்தன. துரைப்பாண்டி ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, தன் சந்தேகங்களைத் தபால் அட்டையில் எழுதி அனுப்பினார்.

எட்டாம் பாகத்தின்போது மரிக்கொழுந்து தயாளனிடம் வந்து புலம்பினாள்.

“கதை கெட்டுப்போகுது அண்ணே.”

“கெடட்டும்மா. நீ நல்லா இருக்கியே, அது போதும்.”

அவளுக்கு அது போதவில்லை. மான்களும் வாங்குவதை நிறுத்திவிட்டன. தொடர் முழுதாக வரட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டன. பத்தாம் பாகம் அப்படியே தேங்கியது. கஜபதி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் அனுப்பினார். அதில் இரண்டே கட்டங்கள்தான்: ‘தொடர் நிறைவு’, ‘கிளை மூடல்’. ஏதாவது ஒன்றில் குறியிட்டு மூன்று பிரதிகள் அனுப்பவும் என்று கீழே எழுதியிருந்தது.

தயாளன் இரண்டாம் கட்டத்தை நோக்கிப் பேனாவை நகர்த்தினார். தேவாங்கின் கை போய்ச் சேர்வதற்குள் மரிக்கொழுந்து பேனாவைப் பிடுங்கி முதல் கட்டத்தில் குறியிட்டுவிட்டாள். கடைசி அத்தியாயம் முதல் நாளிலிருந்தே தன் தலைக்குள் இருக்கிறது, அதை எழுதாமல் செத்தால் அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது என்றாள்.

இரண்டு மாதத்தில் எழுதிக் கொடுத்தாள். தயாளன் படித்துவிட்டு அழுதார். அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு, அச்சகத்துக்குப் போகும் வழியில், தன் வாழ்நாளிலேயே வேகமாக ஒரு காரியம் செய்தார். அந்த அத்தியாயத்தை உருவிவிட்டு, தானே எழுதிய இரண்டு பக்கத்தை வைத்தார். அதில் இளவரசன் தூக்கத்திலிருந்து விழிக்கிறான். பதினோரு பாகமும் அவன் கண்ட கனவு.

முதல் பிரதி துரைப்பாண்டிக்குப் போனது. எழுத்தாளர் பிரதிகள் வழக்கம்போலத் தாமதம்.

நான்காம் நாள் அவர் மருதமரத்தடிக்கு வந்தார். மரிக்கொழுந்து குளித்து, அக்கா தங்கைகளிடம் சொல்லிக்கொண்டு, தயாராக வந்து நின்றிருந்தாள். அவர் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார்.

“கனவாம்மா?”

அவளுக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தயாளனைப் பார்த்தாள். அவர் பொந்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மூன்று நாளாகத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்றார் துரைப்பாண்டி. கதை முடிந்ததும் அவளைச் சாப்பிடலாமென்றுதான் இருந்தாராம். இந்த முடிவைப் படித்த பிறகு அவளைப் பார்க்கவே மனம் வரவில்லையாம். அவள் போகலாமாம். சொல்லிவிட்டு, தோள் தொங்க நடக்கத் தொடங்கினார்.

தயாளன் அவளைப் பார்த்து, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். தேவாங்கின் கண் பெரியது, அந்தச் சைகை கவனிக்காமல் போகக்கூடியது அல்ல. அவள் கவனித்தாள். புலி பத்தடி போய்விட்டது. இன்னும் இருபதடி போனால் புதர் மறைத்துவிடும். உயிர் பிழைத்தாயிற்று. ஆனால் அந்த இரண்டு பக்கத்தின் மேல் அவள் பெயர் இருந்தது.

“ஐயா, நில்லுங்க. நான் எழுதினது அது இல்ல.”

பையிலிருந்து, தன்னிடம் வைத்திருந்த இன்னொரு கையெழுத்துப் பிரதியை எடுத்து நீட்டினாள். அவர் நின்றபடி படிக்க ஆரம்பித்து, பிறகு உட்கார்ந்து, பிறகு படுத்துப் படித்தார். முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“அப்போ முதல் பாகத்துல அந்தக் கிழட்டுப் புலி புல்லைப் பார்த்துச் சிரிச்சுதே, அது இதுக்குத்தானா?”

“ஆமாங்க ஐயா.”

“அப்படின்னா இத்தனை வருஷமா நான் தப்பாப் படிச்சிருக்கேன். மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சாகணும்.”

பதினோரு பாகத்தையும் கட்டித் தரச் சொல்லி, வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, தான் படித்து முடிக்கும்வரை பழைய ஏற்பாடு அப்படியே தொடரும் என்று ஞாபகப்படுத்தினார். அவர் அடிக்கோடிட்டுப் படிப்பவர், மெதுவாகத்தான் முடிப்பார்.

திருத்திய பதிப்பு வந்தது. மான்கள் சொன்னபடியே மொத்தமாக வாங்கின. ஏழாம் நிலா பிழைத்தது. மரிக்கொழுந்து ஒரு மாதம் தயாளனிடம் பேசவில்லை. அதற்கப்புறம் பேசினாள்.

அந்த வருஷம் பொன்னுரங்கம் என்ற முயலும் ஒரு நாவல் எழுதியது. செவ்வாய்க் கிரகத்தில் கேரட் பயிரிடுவது பற்றி, பிழையில்லாமல், ஒரே பாகத்தில். மறுவாசிப்பில் நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் நடுவில் துரைப்பாண்டி அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, “பரவாயில்லை” என்றார். பொன்னுரங்கத்துக்கு ஏக சந்தோஷம். அந்த வார்த்தையைப் பின்னட்டையில் போட எழுதி வாங்கிவருகிறேன் என்று குகைக்குக் கிளம்பிப் போனது.

பின்னட்டை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நீதி: எழுதினால் தூக்கம் கெடும் அளவுக்கு நன்றாக எழுதுங்கள். முடியாவிட்டால் பசி கெடும் அளவுக்கு மோசமாக எழுதுங்கள். ‘பரவாயில்லை’ என்று பேர் வாங்குகிறவர்களைத்தான் புலி சாப்பிடுகிறது.