கூர்முனை மேலே

கிரேக்கர்களுக்குப் பிறகு தர்க்க சாஸ்திரத்தைக் கட்டிக்காத்த பெருமை, நாமக்கல்–சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் ஒரு முட்டை குடோனுக்கே உரியது. இடைப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பேரவை தொடங்கிய பிறகு நடந்ததை மட்டும், செயலாளர் என்ற முறையில், நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

பேரவையின் முழுப்பெயர் ‘அகில கொங்கு மாயக்கதைத் திரைப்படத் தர்க்கப் பாதுகாப்புப் பேரவை’. உறுப்பினர்கள் நான்கு பேர். ‘அகில’ என்பது, மல்லசமுத்திரத்திலிருந்து இனியன் வந்து சேர்ந்த அன்று சேர்த்துக்கொண்டது. இனியன் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவர். படங்களில் வரும் குகை, சுரங்கம், பாதாளம் எல்லாம் அவர் இலாகா. எத்தனை அடியில் பாறை வரும் என்று கணக்குப் போட்டு, பாதாள லோகத்தில் கம்ப்ரசர் இல்லாமல் யாரும் குடியிருக்க முடியாது என்று முதல் கூட்டத்திலேயே நிரூபித்துவிட்டார். பொன்னன் லாரிக்கு பாடி கட்டுகிறவர். பறக்கும் குதிரையில் ஏழு பிள்ளைகள் ஏறினால் ஓவர்லோடு ஆகுமா ஆகாதா என்பதை அவரைக் கேட்காமல் நாங்கள் முடிவு செய்வதில்லை. தலைவர் நாச்சிமுத்து அறுபதாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறார். குடோன் அவருடையது, ஆகவே தலைவர் பதவியும் அவருடையது. நான் குணசீலன், குஞ்சு பொரிப்பகத்தில் சூப்பர்வைசர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் செயலாளர்.

பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட மாயக்கதைகள் படமாகும்போது, அதில் தர்க்கம் இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை. வாயைப் பிளந்துகொண்டு படத்தைப் பார்க்கிறார்கள். இந்த அவலத்தைப் போக்கத்தான் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடினோம். விவாதத்தின் தரம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி கிடையாது.

இந்த நிலையில்தான் ‘ஏழாம் குகை’ என்ற நாவல் படமாகிறது என்று செய்தி வந்தது. நீலி என்ற சிறுமி ஒரு குகையில் முட்டை ஒன்றைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அதிலிருந்து டிராகன் குட்டி ஒன்று வருகிறது. அதற்கு ஒரு இறக்கை குட்டை. இவ்வளவும் எனக்கு என் மகள் தனப்பிரியா சொல்லித் தெரியும். ஒன்பது வயது. பள்ளியில் ஓவியப் போட்டியில் அந்தப் புத்தகம் அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். சாப்பிடும்போதுகூட மடியில் வைத்துக்கொண்டு நூற்று நாற்பதாம் பக்கம் வரை வந்திருந்தாள். அப்போதுதான் படத்தின் டிரெய்லர் வெளியானது.

டிரெய்லர் இரண்டு நிமிடம் பத்து விநாடி. நாற்பத்திரண்டாவது விநாடியில் தலைவர் போனை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வைக்கோல் போட்ட பானை ஒன்று. அதில் அந்த முட்டை. முட்டையின் கூர்முனை மேலே.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பயங்கரம் உடனே புரியாது. நாமக்கல்லில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கத் தெரியும். அகன்ற பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது. குஞ்சின் தலை அங்கே வந்தால்தான் அது மூச்சு விடும். தலைகீழாக வைத்த முட்டையைப் பார்த்தால், தாலிகட்டும் நேரத்தில் மின்சாரம் போனதுபோல் எங்களுக்குப் பதறும்.

“ஏனுங்க செயலாளர், இதென்னுங்க அநியாயம்? கூர்முனை மேல இருந்தா குட்டி மூச்சு முட்டிப் போயிருமுங்க. இதக் கேக்கறதுக்கு ஒரு நாதியில்லையா?” என்றார் தலைவர்.

“நாம இருக்கறமுங்க” என்றேன். அந்த வாக்கியம் நடவடிக்கைப் புத்தகத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

அன்றே அவசரத் தீர்மானம் நிறைவேறியது. இயக்குநர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கும் வரை, உறுப்பினர்களோ அவர்களது குடும்பத்தாரோ அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது. படத்தையே பார்க்காமல் படத்தை எப்படிக் குறை சொல்வது என்று பொன்னன் ஒரு சந்தேகம் எழுப்பினார். பார்த்தால் தீர்மானத்தை மீறியதாகும், தீர்மானத்தை மீறியவர் தர்க்கம் பேசத் தகுதியற்றவர் என்று விளக்கினேன். பொன்னன் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். அதன்பின் நான்கு வாரத்தில், அந்த டிரெய்லரிலிருந்து மட்டும் நாற்பத்தேழு தர்க்கப் பிழைகளைக் கண்டுபிடித்தோம். மூன்று விநாடிக்கு ஒன்று என்று வைத்தாலும் மீதி நிற்கும்.

மூல நூலில் முட்டை எப்படி இருக்கிறது என்று ஒப்பிட வேண்டியிருந்தது. “ரெண்டே நாளுல தந்தர்றேன் சாமி” என்று சொல்லி என் மகளிடம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனேன். கூட்டத்தில் உரக்க வாசித்தோம். முப்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியில் நீலி முட்டையைப் பானையில் வைக்கிறாள். கூர்முனை மேலே! மூலத்திலேயே குற்றம். இதற்குமேல் படிப்பது நேரவிரயம் என்று ஒருமனதாக முடிவானது. புத்தகத்தைச் சணலால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, ‘சான்றாவணம் ஒன்று’ என்று எழுதித் தலைவரின் பீரோவில் வைத்தோம். சாட்சியம் கலைந்துவிடக் கூடாதே என்று ஊர்க் கடையில் இருந்த மற்ற ஆறு பிரதிகளையும் வாங்கி அவற்றுக்கும் முத்திரை வைத்தோம்.

இரண்டு நாள் பத்து நாளானது. தனப்பிரியா அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் குட்டை இறக்கைக் குட்டி கடைசியில் பறந்ததா இல்லையா? விசாரணை நிலுவையில் இருக்கிறது என்பேன். அதற்குள் படம் வெளியாகி, அவள் வகுப்புத் தோழி கயல்விழி பார்த்திருந்தாள். ஆனால் முடிவைச் சொன்னால் நன்றாக இருக்காது, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாளாம். தர்க்கம் தெரியாத பிள்ளைகளிடம் இப்படி சில ஒழுக்கங்கள் இருக்கின்றன.

என் மனைவி மைதிலி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, “ஏனுங்க, லீவு உட்டு நாலு ஞாயிறு போச்சு. புள்ளைய எங்கியாச்சும் கூட்டிட்டுப் போறேன்னு நாலு ஞாயிறும் சொல்லியாச்சு” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருப்பதை நினைவூட்டினேன். கரண்டி சட்டியில் விழுந்த சத்தத்தை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஐந்தாவது வாரம், சேலத்தில் வியாழக்கிழமையோடு படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்குகிறார்கள் என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை வேறு படம். வியாழக்கிழமை காலை எனக்குள் ஒரு கடமையுணர்ச்சி எழுந்தது. பேரவையின் நலன் கருதி யாராவது ஒருவர் களஆய்வு செய்தாக வேண்டும். மகளை அழைத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். குடும்பத்தாரும் பார்க்கக் கூடாது என்பது தீர்மானம். ஒரே நாளில் அதை இரண்டு முறை மீறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேலத்தில் தீவனக் கம்பெனி மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மேட்னி ஷோ. கோடை விடுமுறை ஆனதால் தியேட்டர் நிறையப் பிள்ளைகள். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தேன். பானை வந்தது. வைக்கோல் வந்தது. நீலி குனிந்து முட்டையை வைத்தாள். என்னையறியாமல் என் வாயிலிருந்து “கூர்முனை மேல!” என்று வந்துவிட்டது. அதே விநாடியில் இருட்டின் மூன்று மூலைகளிலிருந்து மூன்று குரல்கள் “கூர்முனை மேல!” என்றன. ஒன்று தலைவருடையது.

முன்வரிசைச் சிறுவன் ஒருவன் திரும்பி, பேசாமல் படம் பார்க்கச் சொன்னான். இடைவேளை வரை நாங்கள் நால்வரும் தலையைத் தூக்கவில்லை. திரையில் யார் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

இடைவேளையில் பாப்கார்ன் மிஷின் பக்கத்தில் அவசரக் கூட்டம் கூடியது. நால்வரும் தனித்தனியே களஆய்வுக்கு வந்திருந்தோம். நால்வரும் தனித்தனியே பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். தீர்மானம் மீறப்பட்டதா என்பதே கேள்வி. பொன்னன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ராஜினாமா வரை போய்விட்டார். அப்போதுதான் இனியன் பேரவையைக் காப்பாற்றினார்.

“பாதி போட்ட போரு போரு ஆவாதுங்க. தண்ணி வந்தாத்தான் போரு. அதாட்டந்தான் பாதி பாத்த படமும். இப்ப நாம உள்ள போவாம இருந்தமுன்னா படமே பாக்கலீன்னுதானுங்க அர்த்தம்.”

கிரேக்கர்கள் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள், கதவு மூடியது. நாங்கள் வெளியே நின்றோம். ஒரு மணி ஐந்து நிமிடம் நின்றோம். முடிவை நெருங்கும் நேரத்தில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு திடீரென்று அத்தனை பிள்ளைகளும் கைதட்டினார்கள். தலைவர் கதவில் காதை வைத்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து டிக்கெட் விழுந்தது. தனப்பிரியா எடுத்துப் படித்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“படத்துக்குப் போனீங்களாப்பா? கடைசில அது பறந்துச்சுங்களா?”

“புள்ளைங்க எல்லாம் கை தட்டுனாங்க சாமி.”

“எதுக்குத் தட்டுனாங்க?”

“அது... தெரியலை சாமி.”

டிக்கெட்டை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

“சத்தம் கேட்டுச்சு, ஆனா எதுக்குன்னு தெரியலையா? அப்ப நீங்க வெளியதான் நின்னுருக்கறீங்க” என்றாள். “டிக்கெட் எடுத்துட்டு, என்னையும் உட்டுப்போட்டுப் போயி, வெளிய நின்னீங்களா? இது நம்பற மாதிரியே இல்லீங்கப்பா.”

நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பிழை எண் நாற்பத்தெட்டு என்று எழுதி, எதிரே என் பெயரை எழுதினேன். மறுநாள் காலை அதைத் தலைவரிடம் காட்டினேன். அவர் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து, அரக்கை உடைத்து, புத்தகத்தை என் கையில் கொடுத்தார். “பாப்பா படிச்சதும் என்ன ஆச்சுன்னு மட்டும் ஒரு போன் போடச் சொல்லுங்க” என்றார், தாழ்ந்த குரலில்.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழக்கதோஷத்தில் நான் வெளியே நின்றேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஆள் தட்டும் சத்தம்.

என்ன ஆச்சு என்று கேட்டேன். “நீங்களே படிச்சுக்கோங்கப்பா. சொன்னா நல்லா இருக்காது” என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

எங்கள் விசாரணை நின்ற முப்பத்தோராம் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கடைசி வரியில் கூர்முனை மேலே இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். முப்பத்திரண்டாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது:

‘முட்டையை எப்படி வைக்க வேண்டும் என்று நீலிக்குத் தெரியவில்லை. சொல்லித்தர வேண்டிய அவள் அப்பா, ஊரில் ஏதோ முக்கியமான கூட்டம் என்று போயிருந்தார்.’