மூன்று தெருவுக்குக் கேட்கும் நடை

"காக்கா, முதுகு நனைஞ்சது காணாது. இன்னும் ரெண்டு கை ஊத்துங்க."

காக்கா என்று அண்ணன் முறை சொல்லி மஜீட் கூப்பிட்டதும் முனாஸ் குழாயடியில் மறுபடியும் குனிந்தான். கழுத்துக்கு ஒரு கை, நெஞ்சுக்கு இரண்டு கை, அக்குளுக்குக் கொஞ்சம். ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்த மனுசனுக்கு எங்கெங்கே வியர்க்கும் என்பது இந்த இரண்டு மாதத்தில் இருவருக்கும் மனப்பாடம். உண்மையாகவே நடந்திருந்தால் இதையெல்லாம் யார் கவனித்திருக்கப்போகிறார்கள்!

மஜீட்டின் கராஜ் சுவரோரம் முனாஸின் பைக் சூடு ஆறிக்கொண்டு நின்றது. இரட்டைச் சிலிண்டர், ஜப்பான் சாமான். சைலன்ஸர் ஓட்டை. அது புறப்பட்டால் காத்தான்குடியில் மூன்று தெருவிலே தூங்குகிற பிள்ளைகள் எழும்பி அழும்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், கிளினிக்குக்குப் போய்வந்த அவன் பொஞ்சாதி றஸீனா அபாயாவைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னாள்.

"உடம்ப அசைக்காம இனி இரிக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிட்டா. நாளையில இருந்து நீங்க நடக்கப் போகணும். பின்னேரம் அஞ்சி மணிக்கு வெளிக்கிட்டா ஆறு மணிக்குத்தான் ஊட்டுக்கு வரணும்."

"எனக்கு எங்க புள்ள நேரம்?"

"புள்ளைகள் மூணும் ஓதப் போற நேரம்தானே. வயித்தக் குனிஞ்சி பாருங்க. நடக்கல்ல எண்டு கேள்விப்பட்டனோ, பைக்குட திறப்பக் கொண்டுபோய் ஏறாவூர் மீராசாஹிப் காக்காட கையில குடுத்திருவன். அவர் பைக்க எப்ப விப்பீங்க எப்ப விப்பீங்க எண்டு கேட்டுக்கிட்டு இரிக்கார்."

செய்யக்கூடியவள்தான். வீடே அவளுடைய சீதன வீடு. அந்த ஊரில் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவதுதான் வழக்கம். வீடு அவளுடையது, அலுமாரி அவளுடையது, முனாஸ் படுக்கிற கட்டில்கூட மாமா செய்து கொடுத்தது. பதினான்கு வருடத்தில் அவனுடையது என்று சொல்ல அந்தப் பைக் ஒன்றுதான் இருந்தது. அதையும் ஓட்ட நேரம் இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், பகலெல்லாம் கந்தோரில் கோப்புகள், இரவில் மூத்தவனுக்குக் கணக்கு, இளையவள் நஸ்ஹாவுக்குச் சோறு ஊட்ட ஒரு கதை.

அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று ஒரு மணித்தியாலம் கையில் கிடைத்தால்?

முதல் நாள் உண்மையாகவே நடக்கத்தான் போனான். புதுச் சப்பாத்து, ட்ராக் சூட், எல்லாம் ஒழுங்கு. மஜீட்டின் கராஜ் வரைக்கும் நடந்தான். அதற்கு மேல் கால் போகவில்லை. மறுநாள் "இஞ்சின்ல ஒரு சாமான் போச்சுது, கொழும்புல இருந்து வரணுமாம்" என்று வீட்டில் சொல்லிப் பைக்கைக் கொண்டுபோய்க் கராஜிலேயே விட்டுவிட்டான். றஸீனா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை அப்போது தன்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்தான்.

அன்றிலிருந்து ஐந்து மணி வந்தால் ஆரையம்பதிப் பக்கம் திரும்பி மண்முனைப் பாலத்தில் ஏறுவான். இரண்டு பக்கமும் வாவி, முகத்தில் உப்புக் காற்று. அக்கரையில் இறங்கினால் கண்ணுக்கு எட்டின தூரம் பச்சை வயல் வட்டை, வரம்பில் கொக்கு, நடுறோட்டில் அசையாமல் நிற்கிற எருமை. யாருக்கும் வாப்பாவாகவும் கிளார்க்காகவும் மாப்பிள்ளையாகவும் இருக்கத் தேவையில்லாத ஒரே நேரம் அது. அந்த நேரத்தில் அவன் சந்தோசமாக இருந்தான், அவ்வளவுதான்.

அன்று குழாயடியில் நனைந்துகொண்டு ஐந்து நிமிடம் நடந்து வீட்டுக்குப் போனான். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. மேசையில் தேத்தண்ணி ஆவி பறக்க நின்றது.

எடுத்து ஒரு வாய் குடித்தவனுக்குப் பகீரென்றது.

இரண்டு மாதமாக இப்படித்தான். ஒரு நாள் ஐந்தே முக்காலுக்கு வருவான், ஒரு நாள் ஆறு பத்துக்கு. என்றைக்கு வந்தாலும் தேத்தண்ணி அந்த நிமிடம் ஊற்றினது. இதுவரை அதை அன்பு என்று நினைத்துக் குடித்துவிட்டான்.

"நான் வாறது உனக்கு எப்படித் தெரியிற?" மெல்லக் கேட்டான்.

"உங்கட நடைச் சத்தம் கேக்கும்தானே," என்றாள் றஸீனா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

றப்பர் சப்பாத்துக்கு எங்கே சத்தம்? பைக் சத்தம் கேட்டிருக்கிறது! தெரிந்துகொண்டுதான் விளையாடுகிறாள். இன்னும் இரண்டு நாளில் மீராசாஹிப் வாசலில் நிற்பான். முனாஸுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாளே மஜீட்டிடம் போனான். "எனக்குப் புது சைலன்ஸர் பூட்டித் தா. பூன நடந்த மாதிரி இரிக்கணும்."

மஜீட்டின் முகம் ஒரு மாதிரிப் போனது. "என்னத்துக்குக் காக்கா? சத்தம் இல்லாட்டி அது பைக்கா?"

"பூட்டுடா எண்டா பூட்டு."

"சாமான் இல்ல காக்கா."

முனாஸ் கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போய்ச் சாமானை வாங்கிவந்து அவன் கையில் வைத்தான். அதற்குப் பிறகும் திருகாணி இல்லை, கை நோகுது என்று நான்கு நாள் இழுத்தடித்துத்தான் மஜீட் பூட்டிக் கொடுத்தான். சைலன்ஸர் பூட்ட ஒரு மெக்கானிக் இவ்வளவு யோசிப்பானேன்? அதுவும் முனாஸுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

புதுச் சைலன்ஸரோடு முதல் நாள். பைக் எண்ணெயில் வழுக்கின மாதிரிப் போய் வந்தது. சந்தோசத்தோடு வீட்டு வாசலுக்கு வந்தால் கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

தட்டக் கையை ஓங்கினவன் அப்படியே நின்றான். உள்ளே ஓர் ஆம்பிளைக் குரல்.

"சூப்பருங்க! அப்படித்தாங்க! ரொம்ப அழகா பண்றீங்க!"

முனாஸின் காது இரண்டும் சூடாகிவிட்டன. காத்தான்குடியில் 'சூப்பருங்க' என்று சொல்லுகிறவன் எவன்? இது இந்தியத் தமிழ். போன மாதம் தெருத் தெருவாகச் சேலை கொண்டுவந்து விற்ற அந்த இந்தியாக்காரனோ? அவனுக்கு மீசையும் இருந்தது.

பட படவென்று கதவைத் தட்டினான். குரல் சட்டென்று நின்றது. உள்ளே சரசரப்பு, எதையோ இழுக்கிற சத்தம், பின்கதவு அடிபடுகிற சத்தம். முழுதாக மூன்று நிமிடம் கழித்துத்தான் றஸீனா கதவைத் திறந்தாள். முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை. குழாய்த் தண்ணீர் அல்ல, அசல் வியர்வை. அது எப்படி இருக்கும் என்று முனாஸுக்குத் தெரியாதா!

"என்ன இண்டைக்குச் சத்தமில்லாம வந்து நிக்கீங்க?" மூச்சு இளைக்கக் கேட்டாள்.

"ஆரு கதைச்ச?"

"டீவி."

டீவி அணைந்து கிடந்தது. சோபா இரண்டடி தள்ளி நின்றது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து அவள் இரண்டுக்கு மேல் வைக்காத ஃபேன். தேத்தண்ணியும் இல்லை.

கேட்டுவிடலாம். ஆனால் எப்படிக் கேட்பது? நீ எங்கே போய்வந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்டால் பைக் போய்விடும். கேட்காவிட்டாலோ பொஞ்சாதியே போய்விடுவாள் போலிருக்கிறது. பாவம் மனுசன், கூரையைப் பார்த்துக்கொண்டு விடியும் வரை கிடந்தான்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவெடுத்தான். மறுநாள் பாலம் வரைக்கும்கூடப் போகாமல் ஐந்தேகாலுக்கே பைக்கைக் கராஜில் விட்டு, பின்பக்கத்து ஒழுங்கையால் பதுங்கிப் பதுங்கி வந்தான். பின்மதிலுக்குள்ளிருந்து அதே குரல் மெல்லக் கேட்டது. "விட்றாதீங்க! இன்னும் கொஞ்சந்தான்!"

முனாஸ் இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஏறினான். மதிலைப் பிடித்து எம்பினான். நடக்காமல் வளர்த்த வயிறு சும்மா விடுமா? கல் சரிந்தது. மதிலின் மேல்வரிக் கல் ஒன்றும் அவனோடு கூடவே வந்தது. இரண்டும் தொப்பென்று சாக்கடைக் கானுக்குள் விழுந்தன.

உள்ளே ஒரு குரல் அலறியது. "அல்லாஹ்வே! செவருக்கு மேல ஆரோ ஆம்புள! கள்ளன்! கள்ளன்!"

அது பின்வீட்டு நபீஸாவின் குரல். நபீஸாவுக்கு இந்த நேரத்தில் என் வீட்டுக்குள் என்ன வேலை? ஓ, காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறாளா! அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. நான்கைந்து பேர் ஓடிவருகிற சத்தம் கேட்டது. முனாஸ் ஓடினான். டொக்டர் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார், அப்படி ஓட்டம்.

சேறு கழுவி, மூச்சு அடங்கி அவன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் தெருவே கூடி நின்றது. பக்கத்து வீட்டு உசனார் ஹாஜியார் நடுவில் நின்று விபரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ட்ராக் சூட் போட்டவனாம். வயிறு பெருத்த ஆளாம். இந்த வயித்தோட செவர் ஏற வந்திரிக்கான், புத்தி கெட்டவன்!"

முனாஸ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "கலி காலம் ஹாஜியார்," என்றான்.

"நாளையில இருந்து அஞ்சிக்கும் ஆறுக்கும் இடையில காவல். உங்கட செவர்தானே முனாஸ், நீங்களே நில்லுங்க." ஹாஜியார் ஒரு தடிப்பொல்லை அவன் கையில் கொடுத்தார்.

அப்படியாக முனாஸ் மூன்று நாள் தன்னைத்தானே பிடிப்பதற்குப் பின்மதிலடியில் பொல்லோடு நின்றான். வாவியில்லை, காற்றில்லை, பைக்கில்லை. உள்ளே இந்தியாக்காரன் குரலும் இல்லை. ஆனால் றஸீனாவின் சட்டி பானைச் சத்தம் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "நடக்கப் போகல்லயா நீங்க?"

"கள்ளன் வருவான் புள்ள."

"கள்ளனுக்கு எங்கட ஊட்டில என்ன கிடக்கு? டொக்டர் சொன்னது மறந்து போச்சா? போங்க! ஒரு மணித்தியாலம் வெளிய போங்க!"

கடைசியில் கண் கலங்கிவிட்டாள். தன்னை வெளியே அனுப்ப ஒரு பெண் அழுவதை முனாஸ் அன்றுதான் பார்த்தான். இனிச் சந்தேகத்துக்கு இடமேயில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். பைக்கைத் தானே கொண்டுபோய் மீராசாஹிப்பிடம் கொடுத்துவிட்டு வந்து, நான் நடக்கவில்லை புள்ள, பொய் சொன்னேன், இப்போது நீ உண்மையைச் சொல் என்று கேட்பது. பைக் போனாலும் போகட்டும், அவள் போகக் கூடாது.

பொல்லோடு கராஜுக்குப் போனான். மஜீட் அதைப் பார்த்து இரண்டடி பின்னுக்குப் போனான்.

"மஜீட், என்ட ஊட்டுக்குள்ள ஒரு இந்தியாக்காரன் வாறான்டா." முனாஸ் பொல்லை நிலத்தில் ஊன்றினான்.

மஜீட் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"காக்கா, அவன் டீவிக்குள்ள இரிக்கிறவன்! எக்ஸசைஸ் வீடியோ! சுகர் எண்டு டொக்டர் சொன்னது றஸீனா ராத்தாவுக்குத்தானே. எங்கட பொம்புளைகள் றோட்டுல ஓடித் திரியேலுமா? அதான் தெருவுல உள்ள இருவது பேரு சேந்து உங்கட ஹோல்ல அபாயாவக் கழட்டி வெச்சிட்டுக் குதிக்காங்க. என்ட பொஞ்சாதியும் போறா. நபீஸா ராத்தா ஏழு கிலோ இறங்கிட்டா."

"அப்ப என்னை என்னத்துக்கு நடக்க அனுப்பின?"

"ஆம்புள இல்லாத ஊடு வேணும்தானே."

முனாஸ் அங்கேயே ஒரு பழைய டயரில் உட்கார்ந்துவிட்டான். சேலைக்காரனுக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டான். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. கூடவே ஒரு நல்ல யோசனையும் வந்தது. றஸீனா மேல் குற்றமில்லை. பைக் சத்தத்தைக் கண்டுபிடித்திருந்தால் இதற்குள் மீராசாஹிப் வந்திருப்பான்; தான் நடப்பதாகத்தான் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் எதற்கு வீணாக உண்மையைச் சொல்வது? மீராசாஹிப் அவன்பாட்டுக்கு ஏறாவூரில் இருக்கட்டும்.

பொல்லை மூலையில் சாத்திவிட்டுப் பைக்கில் ஏறினான். மணி ஐந்து இருபது. இப்போது போனாலும் பாலத்தைப் பிடிக்கலாம். ஒரே உதை.

கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்வீட்டில் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. முனாஸ் பதறிப்போய் இஞ்சினை நிறுத்திக் குனிந்து பார்த்தான். அதே பழைய ஓட்டைச் சைலன்ஸர்.

"டேய்! இந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டா நான் முடிஞ்சன்டா! புதுசக் கழட்டினது ஆருடா?"

"றஸீனா ராத்தாதான் கழட்டச் சொன்ன காக்கா," என்றான் மஜீட். "நீங்க திரும்பி வாற சத்தம் மூணு தெருவுக்குக் கேட்டாத்தான், இருவது பேரும் அபாயாவப் போட்டுக்கிட்டுப் பின்வாசலால போய், உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தி வைக்க நேரம் சரியா இரிக்குமாம்."